பின்சுவரோரம் நடந்து போனது

பார்ப்பதுதான் தென்றலுக்கு வேலை. ஒரகடத்தில் கார் பிரேக்குக்கான இரும்பு வார்ப்புகள் செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். உருளைப் பாதையில் வார்ப்பு ஒன்று வந்து நிற்கும். நாலு பக்கமும் கேமரா படம் எடுக்கும். படம் அவள் முன்னாலிருக்கும் திரையில் விழும். பதினொரு விநாடிக்குள் அது நல்லதா, கழிவா என்று சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரும் கூடவே பார்க்கும்தான். ஆனால் அது நிழலைக் குறை என்று சொல்லும், குறையை நிழல் என்று விட்டுவிடும். வார்ப்புக்குள் காற்றுக் குமிழி சிக்கி விட்டுப்போன மிளகளவு பொத்தலைக்கூடத் தென்றல் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அவள் சரி என்று சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம் என்று லைனில் பேச்சு.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் செக்யூரிட்டி சூப்பர்வைசர் சுடலைக்கண்ணு, மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் அவள் ஷிப்டு முடிந்து வெளியே வருவதற்காகக் கேட்டருகே காத்திருந்தார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அநாவசியமாக யாரிடமும் நின்று பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு அவரே கூப்பிட்டு நிறுத்தி, கையிலிருந்த போனைத் தென்றலிடம் நீட்டினார்.

விஷயம் இதுதான். தொழிற்சாலைக்குப் பின்னால் பன்னிரண்டு ஏக்கர் நிலம் கட்டடம் எதுவும் எழும்பாமல் கிடந்தது. வேலிக்கருவை, ஈச்சம்புதர், இடையில் மழைத்தண்ணீர் ஓடி ஏரிக்குப் போகிற பழைய கால்வாய். அந்தப் பக்கத்துச் சுவரோரம் எர்த்துக்காகப் பதித்திருந்த செம்புப் பட்டையை இரண்டு தடவை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திருடனைப் பிடிக்கத்தான் சுடலைக்கண்ணு கம்பெனியில் கேட்டு, காட்டில் வைக்கிற கேமரா ஒன்றை வாங்கி மரத்தில் கட்டியிருந்தார். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். முன்னால் உடம்புச் சூட்டோடு எது அசைந்தாலும் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். பகலில் வண்ணத்தில், இருட்டில் கறுப்பு வெள்ளையில். பன்னிரண்டு நாளில் தொள்ளாயிரம் படம் சேர்ந்திருந்தது. நாய், கீரி, மயில், பீடி பிடிக்கப் போன ஆட்கள். திருடனைக் காணோம். தொள்ளாயிரத்தில் ஒரே ஒரு படம் மட்டும் எதிலும் சேரவில்லை.

தென்றல் பார்த்தாள். பின்னணியில் காம்பவுண்டுச் சுவர். அதன் அடியில், தரையோடு தரையாக, வில் மாதிரி வளைந்த ஒரு முதுகு. முதுகு முடிகிற இடமே தெரியாமல், உடம்பளவு தடிமனாகப் பின்னால் நீண்டுபோன வால். தலை படத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது. தோல் முழுக்க என்னவோ ஒரு சொரசொரப்பு.

"முதலைதான தாயி இது?" என்றார் சுடலைக்கண்ணு. "மழத்தண்ணி வாய்க்கா வழியா வந்திருக்குமோன்னு நெனைக்கேன்."

தென்றல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நல்லது, கழிவு என்று இரண்டே இரண்டு பொத்தான்களுக்குப் பழகிய விரல். இதற்கு எதை அழுத்துவது? முதலை இல்லை என்று கண் சொன்னது. ஏன் இல்லை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதைவிட, பெயர் தெரியாத ஒன்றைத் தன் வாழ்நாளிலேயே முதல்முறையாகப் பார்க்கிறோம் என்பதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஆனால் சுடலைக்கண்ணு அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேரிடம் காட்டியிருந்தார். சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளத்தின்போது சாலையில் முதலை போன வீடியோவை எல்லோரும் போனில் பார்த்தவர்கள்தானே. பின்பக்கம் புல் வெட்டுகிற ஒப்பந்த ஆட்கள் மறுநாள் வேலைக்கு இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கழிவுநீர் சுத்தம் செய்யும் நிலையத்துக்குப் பின்னால் யாரும் போகக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த நிலத்தில் எப்படியும் சரக்குக் கிடங்கு கட்டுவதாக இருந்தது. வருகிற ஆனியில் தொடங்க வேண்டிய வேலையைத் தொழிற்சாலைத் தலைவர் இராமச்சந்திரன் முன்னுக்கு இழுத்துவிட்டார். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை ஜேசிபி வந்து மொத்தப் புதரையும் வழித்துவிடும். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆயிரத்து நானூறு பேர் வேலை செய்கிற இடம். யாரையாவது ஏதாவது கடித்து வைத்தால் ஊருக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தென்றல் அந்தப் படத்தை வீட்டில், பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில் என்று நேரம் கிடைத்தபோதெல்லாம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது வெறும் சொரசொரப்பு இல்லை என்று வியாழக்கிழமை தெரிந்தது. வரிசை இருந்தது. ஒரு வரிசையில் இரண்டு வில்லைகள் சேருகிற இடத்தில் அடுத்த வரிசையின் வில்லை நடுவாக உட்கார்ந்திருந்தது, ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்கியது போல. அவ்வளவு ஒழுங்கை அவள் எந்த இயந்திரத்தின் வேலையிலும் கண்டதில்லை. எந்தக் கை அடுக்கியது இதை என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்க மறந்து, ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை இன்னொன்று நடந்தது. பின்சுவருக்குப் பக்கத்தில் ஆளுயரப் புற்று ஒன்று இருந்தது. சுத்தம் செய்யும் வேலைக்கு வருகிற பெண்கள் வெள்ளிதோறும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார்கள். அவர்களில் மூத்தவள் மண்ணூர்க்காரி கோவிந்தம்மா. முதலையாவது ஒன்றாவது என்று தடையை மீறிப் போனவள், புற்றின் அடிப்பக்கம் புதிதாகப் பெயர்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பெரிய ரகளையே செய்துவிட்டாள். புல் வெட்டுகிற ஆட்கள்தான் கடப்பாரையால் குத்தியிருக்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம். பஸ்ஸில் அவள் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே வந்த தென்றலுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. புல் வெட்டுகிறவர்கள்தான் இரண்டு நாளாக அந்தப் பக்கமே போகவில்லையே.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சுடலைக்கண்ணுவிடம் போனாள். கோவிந்தம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக நல்ல வெயிலில் பின்பக்கம் போனார்கள். சுடலைக்கண்ணு கையில் தடி வைத்திருந்தார்.

முதலில் அளவு. கேமரா அதே மரத்தில், அதே உயரத்தில் இருந்தது. சுவர் ஹாலோ பிளாக்கில் கட்டியது. ஒரு கல் பதினாறு அங்குல நீளம், எட்டு அங்குல உயரம். படத்தில் அந்த முதுகு எந்தக் கல்லில் தொடங்கி எந்தக் கல்லில் முடிகிறது என்று போனைப் பார்த்துப் பார்த்து, சுடலைக்கண்ணுவை மிருகம் நின்ற இடத்தில் குனிந்து நிற்கச் சொல்லி, அவரையும் படம் எடுத்து ஒப்பிட்டாள். வெளியே போன தலையைக் கணக்கில் சேர்க்காமலே மூன்றேகால் அடி. அதில் பாதி வால். முதுகின் உச்சி தரையிலிருந்து ஒன்றேகால் அடி. முதலைக்குக் கால் பக்கவாட்டில் விரிந்திருக்கும், வயிறு தரையில் தேயும். இதற்குக் கால் உடம்புக்கு அடியில் இருந்தது. உடும்பும் இல்லை, உடும்புக்கு முதுகு இப்படி எழும்பாது. எது எது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளுக்குத் தெரிந்த பெயரெல்லாம் தீர்ந்துபோயின.

பிறகு புற்று. கோவிந்தம்மா சொன்னது போல அடிப்பக்கம் பெயர்ந்திருந்தது. வெயிலில் காய்ந்து செங்கல்லாக இறுகிப்போன மண். அதில் மூன்று பள்ளக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே ஆழத்தில், ஒரே சாய்வில் இறங்கியிருந்தன. நடுக்கோடு மட்டும் கொஞ்சம் நீளம். கடப்பாரை இப்படிக் கீறாது. உள்ளே கறையான் அறைகள் தேன்கூடு மாதிரி திறந்து கிடந்தன. ஒரு கறையானைக்கூடக் காணவில்லை. சுற்றிலும் மண் இறைந்து கிடந்ததே தவிர, மேலே வைத்த மஞ்சளும் குங்குமமும் கலையவில்லை.

கோவிந்தம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த மூன்று கோட்டிலும் தன் மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். விரல் உள்ளே போய் முழுசாக மறைந்தது. கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"மனுசன் கை இல்லடி இது," என்றாள் மெதுவாக. "இன்னாது வந்து பூந்துகீது நம்ம கம்பெனிக்குள்ள?"

கேமராவை அவிழ்த்து முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டினார்கள். வெறும் படம் எடுக்காமல் அரை நிமிடம் வீடியோ எடுக்கும்படி தென்றல் மாற்றிவைத்தாள். இந்தத் தடவை கேமரா பார்த்தது புற்றை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு செக்யூரிட்டி அறையில் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். சுடலைக்கண்ணு கதவைச் சாத்தினார். கோவிந்தம்மா நாற்காலி வேண்டாம் என்று நின்றுகொண்டே இருந்தாள். முதல் இரண்டு நாளும் நாயும் பூனையும்தான். திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணி நாற்பது நிமிடம் என்று மூலையில் எழுத்து விழுந்த வீடியோவைத் தென்றல் திறந்தாள்.

ஈச்சம்புதர் அசைந்தது. முதலில் கூம்பாக ஒரு மூக்கு. அதற்குப் பின்னால் கையளவுத் தலை. அதற்கும் பின்னால், ஏதோ ஒரு கோயில் கதவின் தகடுகளை எல்லாம் பெயர்த்து உடுத்திக்கொண்டது போல, உடம்பு. அது நாலு காலில் வரவில்லை. பின்னங்கால் இரண்டில் நிமிர்ந்து வந்தது. முன்னங்கால்களை மார்போடு சேர்த்து மடக்கிக்கொண்டு, நகங்களை உள்ளே சுருட்டிக்கொண்டு, சந்நிதிக்கு முன்னால் வருகிற மனுஷியைப் போல அடக்க ஒடுக்கமாக நடந்து வந்தது. தரையைத் தொடாமல் தூக்கிப் பிடித்த வாலின் மேல், அது தொடங்குகிற இடத்தில், கைப்பந்து அளவுக்கு இன்னொரு செதில் மூட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மூட்டை தலையைத் தூக்கிப் பார்த்தது.

"புள்ள," என்றாள் கோவிந்தம்மா. "புள்ளயத் தூக்கிகினு வர்து."

தாய் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. திரை முழுக்க அதன் தோள் செதில்கள், ஒவ்வொன்றிலும் நகத்தில் ஓடுவது மாதிரி மெல்லிய கோடுகளோடு. கண் இரண்டும் மிளகுபோல் சின்னதாக இருந்தன. அரை நிமிடம் முடிந்து திரை இருண்டது.

சுடலைக்கண்ணு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. வெளியே லாரி ஒன்று பின்பக்கமாக வரும் சத்தம் பீப் பீப் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தென்றல் மறுபடியும் ஓடவிட்டாள். பிறகு மறுபடியும். நாலாம் முறையில்தான் தன் கன்னம் நனைந்திருப்பதைக் கவனித்தாள். துக்கமும் இல்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. இரண்டாயிரம் வார்ப்புகளைச் சரிபார்த்துவிட்டு அவள் பஸ் ஏறிப் போன பிறகு, அதே சுவருக்குள் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாளும்.

போனில் தேடியபோது பெயர் வந்துவிட்டது. எறும்புத்தின்னி. அலங்கு என்றும் அழுங்கு என்றும் இன்னும் இரண்டு பெயர். அழுங்கு என்று படித்ததும் தென்றல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அடம்பிடிக்கும்போதெல்லாம் அம்மா சின்னப்பொண்ணு திட்டுகிற வார்த்தை, "அழுங்குப் பிடி பிடிக்காதடி." அந்த வார்த்தைக்குள் ஒரு மிருகம் இருக்கிறது, அதற்குக் காலும் வாலும் பிள்ளையும் உண்டு என்று அம்மாவுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஆனாலும் போன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. சரிதானா என்று ஒரு ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துப் புதர்க்காடுகளில் சின்ன மிருகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற அறிவுமதி என்ற பெண்ணின் மின்னஞ்சல் முகவரி ஒரு பத்திரிகைச் செய்தியில் கிடைத்தது. வீடியோவிலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை மட்டும், ஊர்ப் பெயர் போடாமல், தன் போன் நம்பரோடு அனுப்பிவைத்தாள். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

அறிவுமதிக்குக் குரல் சின்னது. ஆனால் கேள்விகள் கறாராக இருந்தன. எவ்வளவு நீளம், எப்படி அளந்தீர்கள், வால் எவ்வளவு, நிலம் எப்படி, பக்கத்தில் புற்று உண்டா. தென்றல் ஹாலோ பிளாக் கணக்கைச் சொன்னாள். மறுமுனையில் எழுதுகிற சத்தம் கேட்டது.

"செதில் வரிசை ஏதாவது தெரியுதாங்க? முதுகுக்குக் குறுக்கால எண்ண முடிஞ்சா..."

"எண்ணிட்டேன் மேடம். பக்கவாட்டுல எடுத்த வீடியோன்றதால பாதி ஒடம்புதான் தெரியும். நடுமுதுகுல ஒரு வரிசை, அதுக்குக் கீழ ஆறு. அந்தப் பக்கமும் ஆறுன்னு வெச்சா பதிமூணு."

மறுமுனையில் எழுதுகிற சத்தம் நின்றது.

"பதினொண்ணுலேர்ந்து பதிமூணு வரைக்கும்தான் நம்ம நாட்டு அலங்குக்கு," என்றார் அறிவுமதி. "ஒன்பது வருஷமா தேடறேன். அது தின்ன புத்தைப் பாத்திருக்கேன், அது தோண்டின வளையப் பாத்திருக்கேன். அதை உயிரோட பாத்ததில்லை. என்கிட்ட வேலைக்குச் சேர்றவங்களே செதில் எண்ணமாட்டாங்க. நீங்க யாருங்க?"

பிரேக் கம்பெனியில் குவாலிட்டி என்று தென்றல் சொன்னாள். அறிவுமதி சிரித்தார். பிறகு குரல் மாறிவிட்டது. உலகத்திலேயே அதிகமாகத் திருடப்படுகிற காட்டு மிருகங்களில் இதுவும் ஒன்று என்றார். பயந்தால் ஓடாது, கடிக்காது, பந்தாகச் சுருண்டு அப்படியே கிடக்கும். புலி வந்தாலும் அதைப் பிரிக்க முடியாது. ஆனால் மனுஷன் அப்படியே கோணிப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். செதிலுக்கு மருந்தென்று பொய்ப் பெயர். நம் நகம் எதால் ஆனதோ அதேதான் அந்தச் செதிலும். இந்த வீடியோ நாலு பேருக்குப் போனால் ஐந்தாவது ஆள் சாக்கோடு வந்து நிற்பான். யாரிடமும் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மூன்று பேரும் செக்யூரிட்டி அறையில் கூடிப் பேசினார்கள். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டால் திங்கட்கிழமை ஜேசிபி வந்துவிடும். சொன்னால் சாக்குக்காரன் வருவான். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்லித்தான் தீர வேண்டும் என்று முடிவாயிற்று. புதன்கிழமை மதியம் தென்றல் இராமச்சந்திரனின் அறைக்குப் போனாள். ஆறு வருடத்தில் அந்த அறைக்குள் அவள் நுழைவது அதுதான் முதல் தடவை. சுடலைக்கண்ணு கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

அவளுக்கு மேடைப்பேச்சு வராது. தெரிந்தது ஆய்வு அறிக்கைதான். அதே படிவத்தில், அளவு, வால் நீளம், செதில் வரிசை, நக அடையாளம், எப்படி அளந்தது, யார் உறுதி செய்தது என்று வரிசையாக எழுதி ஒற்றைத் தாளில் கொண்டுபோயிருந்தாள். இராமச்சந்திரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். சரி, முதலை இல்லை, நல்லது, அதற்காகக் கிடங்கு வேலையை எப்படி நிறுத்துவது என்று கேட்டார். தென்றல் கூடவே கொண்டுவந்திருந்த லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வீடியோவை ஓடவிட்டாள்.

அவர் அதை மூன்று தடவை பார்த்தார். நடுவில் யாரோ கதவைத் தட்டியபோது கையால் போகச் சொன்னார். மூன்றாம் தடவை முடியப்போகும்போது அவரே வீடியோவை நிறுத்தி, திரையில் நின்ற அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இருவது வருஷமா இங்கயே இருந்திருக்குமா?" என்று கேட்டார். "நாங்க பிளான்ட் கட்டறப்போ?"

தெரியவில்லை சார் என்றாள் தென்றல்.

அவர் ஒரே நிமிடத்தில் மனம் மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. தலைமை அலுவலகத்துக்கு என்ன எழுதுவது, கிடங்கை எங்கே நகர்த்துவது என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அன்றைக்கே ஜேசிபிக்காரனுக்குப் போன் போட்டு, மறு தகவல் வரும்வரை வர வேண்டாம் என்று சொன்னார். வனத்துறைக்கும் அவரே பேசினார். வெள்ளிக்கிழமை காக்கி உடுத்தாமல், சாதாரண காரில், ரேஞ்சர் ஒருவரும் அறிவுமதியும் வந்தார்கள். வளை எங்கே என்று தேட அரை நாள் ஆயிற்று. கால்வாய்க் கரையில், கைவிட்ட சிமெண்டுக் குழாய் ஒன்றுக்கு அடியில் இருந்தது. வாசலில் புது மண். அறிவுமதி தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்டார். எழுந்து, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே, பிடித்து வேறு காட்டில் விடுவது வேண்டாம் என்று ரேஞ்சரிடம் சொன்னார். இடம் மாற்றுகிற அலங்குகளில் பாதி செத்துவிடும். இங்கே புற்று இருக்கிறது, சுற்றிச் சுவர் இருக்கிறது, கால்வாய் வழியாகப் போகவும் வரவும் பாதை இருக்கிறது. விட்டுவிடுவதுதான் காப்பாற்றுவது. வனத்துறையிலிருந்து கடிதம் வந்தது. கால்வாயை ஒட்டிய ஐந்து ஏக்கரைத் தொடுவதில்லை என்றும், கிடங்கை மேற்குப் பக்கமாகக் கட்டுவது என்றும் கம்பெனி எழுதிக் கொடுத்தது. அதில் இராமச்சந்திரனுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஏச்சும் விழுந்ததாகக் கேள்வி.

தொழிற்சாலையில் மற்ற எல்லோருக்கும் அது முதலைதான். விஷயம் தெரிந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. அறிவிப்புத் தாள் கிழிந்தபோது சுடலைக்கண்ணு புதுத்தாள் ஒட்டினார். திருடனும் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அறிவுமதி தென்றலையும் சுடலைக்கண்ணுவையும் கூப்பிட்டார். வெளிச்சம் போகிற நேரத்தில் வளையைத் தூரத்திலிருந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். கழிவுநீர் நிலையத்து மொட்டை மாடியில் மூன்று பேரும் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். பகல் வெயிலில் காய்ந்த தளம் வயிற்றைச் சுட்டது. தூரத்தில் நெடுஞ்சாலையில் கார்களை ஏற்றிக்கொண்டு போகிற நீளமான லாரிகளின் விளக்கு ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. மயில் ஒன்று கத்தி அடங்கியது.

ஏழேகாலுக்கு முதலில் சத்தம்தான் வந்தது. யாரோ பீங்கான் ஓடுகளை ஒன்றோடொன்று மெதுவாக உரசுவது போல. அதன் பிறகு இருட்டுக்குள்ளிருந்து அந்தக் கூம்பு மூக்கு. வீடியோவில் அது சாம்பல் நிறம். நேரில், சுவர் விளக்கின் வெளிச்ச ஓரத்தில், பழைய பித்தளையின் நிறம். தாய் கரையேறியதும் நின்றது. வாலடியிலிருந்து குட்டி சறுக்கி இறங்கி, இரண்டடி தானாக நடந்து, ஒரு சருகை மோந்துவிட்டு அதற்குப் பயந்து பின்வாங்கியது. தென்றல் விரல் முட்டியைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது சாப்பாட்டுச் சங்கு ஊதியது. இரண்டாம் ஷிப்டுக்கு ஏழரை மணிச் சங்கு. தினம் ஊதுவதுதான். ஆனால் அந்த மொட்டை மாடியில் அது காதைப் பிளந்தது. தாய் ஒரே சுழலில் குட்டியை வயிற்றோடு இழுத்து, தலையை உள்ளே வைத்து, வாலை மேலே சுற்றி மூடிக்கொண்டுவிட்டது. கண் சிமிட்டுகிற நேரம்தான். அங்கே மிருகம் இல்லை. கல் ஒன்று கிடந்தது, செதுக்கியெடுத்த கல். அதற்குள்ளே ஒரு பிள்ளை.

சங்கு நின்றது. கேன்டீன் பக்கம் தட்டுச் சத்தம் கேட்டது. ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். கல் அசையவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தென்றலுக்குப் பக்கத்தில் அறிவுமதி மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் காத்திருந்தவருக்குப் பத்து நிமிடம் பெரிதில்லை போலும். சுடலைக்கண்ணுவின் உதடு மட்டும் அசைந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ.

பிறகு விளிம்பில் ஒரு செதில் எழும்பியது. அடுத்தது. வால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து விரிய, நடுவிலிருந்து மூக்கு வெளியே வந்து காற்றைத் தேடியது. ஆபத்தில்லை என்று அதற்கு எது சொல்லிற்றோ தெரியவில்லை. குட்டி தவழ்ந்து வாலடியில் ஏறி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தாய் பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்காலை மார்போடு மடக்கிக்கொண்டு, அவர்களுக்கு நேர் கீழே பின்சுவரோரமாக நடந்து போனது. அவசரமே இல்லை அதற்கு. இந்தச் சுவருக்கும் சங்குக்கும் முன்னாலிருந்தே நடந்துகொண்டிருக்கிற நடை. ஈச்சம்புதர் அசைந்து, அப்புறம் அசைவதும் நின்றது.

வெகு நேரம் கழித்துத்தான் மூவரும் எழுந்தார்கள். படியில் இறங்கும்போது அறிவுமதி தென்றலின் கையைப் பிடித்துக்கொண்டார், இருட்டில் விழுந்துவிடுவோம் என்று பயந்தவரைப் போல. இறங்கிய பிறகும் விடவில்லை. "தேங்க்ஸ்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

ஓவர்டைம் ஆட்களை ஏற்றிப் போகிற எட்டரை மணி பஸ்ஸில் தென்றலுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ்ஸில் எல்லோருக்கும் தூக்கம். வரிசையாகத் தொழிற்சாலைகள், வரிசையாக விளக்குகள், கேட்டுகள், கேட்டுகளில் பெயர்கள். இத்தனை வருடம் அவள் பார்த்தது அந்த வெளிச்சத்தைத்தான். அன்றைக்கு ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அடுத்த வெளிச்சத்துக்கும் நடுவில் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு போனாள். அவள் இறங்குகிற வடக்குப்பட்டு வரைக்கும் எத்தனை இருட்டு! ஒவ்வொன்றிலும் என்னென்ன நடந்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்தபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.